பஸ் ஸ்டாண்டில் அவிழ்ந்த சேலை

டென்மார்க்கின் சின்னத் தீவொன்றில் பிறந்த மார்கிட்டுக்கு அரியலூர் பஸ் ஸ்டாண்டே மாநகரமாகத் தெரிகிறது. சுண்ணாம்புப் பாறைகளில் கல்லாகிக் கிடக்கும் சிப்பிகளை ஆராய வந்தவள், இன்றுதான் முதன்முதலாகச் சேலை கட்டியிருக்கிறாள். டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது சேலையின் அடியை யாரோ மிதித்துவிட, கொசுவம் மொத்தமும் சரிந்து காலடியில் விழுகிறது. காலை வெயிலில் அத்தனை தலைகளும் அவள் பக்கம் திரும்புகின்றன. துணியை இரு கைகளாலும் அள்ளிப் பிடித்தபடி, முகம் சிவந்து அப்படியே நிற்கிறாள். "ஏ சாந்தா, வீராயி, ஓடியாங்கடி! புள்ளைய மறைச்சு நில்லுங்க!" என்று கத்திக்கொண்டே முந்திரிப்பழக் கூடையை இறக்கிவிட்டு வருகிறாள் பஸ் ஸ்டாண்டில் பழம் விற்கும் காத்தாயி. நாலைந்து முதுகுகள் சுற்றிலும் சுவராகின்றன. காத்தாயி கொசுவத்தை மடித்து மடித்து இடுப்பில் செருகி, தன் வளையலில் கிடந்த ஊக்கைக் கழற்றிக் குத்திவிடுகிறாள். அவள் கையிலிருந்து பழத்தின் மணம் வீசுகிறது. "நன்றி, அம்மா," என்கிறாள் மார்கிட், புத்தகத்தில் படித்த தமிழில். "நன்றியா? அது எலெக்சன்ல ஜெயிச்சவங்க ஜீப்புல வந்து சொல்றதாச்சே!" என்கிறாள் காத்தாயி. பெண்கள் குலுங்கிச் சிரிக்கிறார்கள். கண் கலங்கி நின்ற மார்கிட்டுக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது. "காலையில ஏதாச்சும் சாப்ட்டியா கண்ணு?" என்று கேட்கிறாள் காத்தாயி. வந்த நாளாய் யார் கேட்டாலும் மரியாதைக்காக 'சாப்பிட்டேன்' என்றே சொல்லி வந்தவள், காத்தாயியின் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சொல்கிறாள்: "இல்லை. பசிக்குது."