புதன்கிழமைக் கடிதம்

ஊரார் பல்லையெல்லாம் அசராமல் பிடுங்குகிற பல் டாக்டருக்கு அன்று தன் பல்லே தந்தியடித்தது.

கோடை முகாமில் பிள்ளைகளுக்கு ஃபோன் கிடையாது. தினம் ஒரு கடிதம்தான். மகள் எழுதிய புதன்கிழமைக் கடிதம் அப்போதுதான் வந்திருந்தது: "இன்று ஏரியில் தனியாகப் படகு ஓட்டினேன்."

புதனன்று அடித்த புயலில் அந்த ஏரிக்கரை மரங்களே சாய்ந்துவிட்டதாகப் பத்திரிகையில் போட்டிருந்தது.

நாற்காலியில் வாய் பிளந்து கிடந்த நோயாளியை அப்படியே விட்டுவிட்டு முகாமுக்கு ஃபோன் போட்டார்.

"புதன்கிழமையா? ஏரிப் பக்கம் ஒருத்தரும் போகலையே சார்!" என்றார் வார்டன் அம்மா.

டாக்டர் அலறினார்: "அப்ப இதை எழுதினது யாரு? என் பொண்ணு எங்கம்மா?"

ஃபோன் கை மாறியது.

"நான்தாம்பா எழுதினேன். பத்துக் கடிதத்தையும் வந்த அன்னிக்கே எழுதி வச்சுட்டேன். தினம் ஒண்ணு தபால்ல போடறேன்."

"அடிப்பாவி! பெத்தவனையே ஏமாத்தறியா?"

"கோவிக்காதீங்கப்பா. தினம் ஒண்ணா எனக்குக் கொடுக்கச் சொல்லி நீங்க முன்னாடியே எழுதிக் கொடுத்த பத்துக் கடிதத்தையும் வார்டன் அன்னிக்கே மொத்தமா என் கையில கொடுத்துட்டாங்க. நாளைக்கு உங்களுக்குக் கடுமையான பல்வலியாமே? இப்பவே ஒரு மாத்திரை போட்டுக்கோங்க."