பந்தலில் கட்டிய பழம்

இன்னும் கொஞ்சம் சிரிக்கச் சொன்னார்கள்.

சிரித்தாள்.

தலையில் மூங்கில் கூடை. கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சையைக் கூடையில் வைத்துச் சுமந்த ஒருத்தியை அவள் கண்டதில்லை. பிளாஸ்டிக் பெட்டிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு ஒயின் கம்பெனியின் விளம்பரக்காரன்தான் அதைத் தூக்கி வைத்தான். கண்டாங்கிச் சேலையும் அவன் கொண்டுவந்ததே. மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு, கோயிலுக்கு வந்தவன்போல வெயிலில் நின்றான் புருஷன்.

பாட்டில் லேபிளுக்குப் படம். ஊர்ப் பேரும் அவள் முகமும் வருமாம்.

பந்தல் முழுக்கப் பன்னீர் திராட்சை பழுத்துத் தொங்கியது. ஒரே குலையில் சிவப்பும் கறுப்பும் கலந்துதான் இருக்கும். கேமராவுக்கு அது எடுபடவில்லையாம். சென்னையிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்த கன்னங்கரிய வெளிநாட்டுப் பழத்தை அவள் கொடியில் பச்சை நூலால் கட்டினார்கள். பழுத்த பந்தலில் பழம் கட்டும் புத்திசாலிகளை அவள் அன்றுதான் பார்த்தாள்.

பொறுத்துக்கொண்டாள்.

தோட்டத்துப் பழம் மொத்தத்தையும் கம்பெனியே எடுத்துக்கொள்ளும் என்று போன மாதம் சொல்லிப் போயிருந்தார்கள். அதை நம்பிக் கேரள வியாபாரியைத் திருப்பி அனுப்பியாயிற்று. மேற்கே மலைமேல் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. ஒரு மழை போதும், பழம் அத்தனையும் வெடித்துப்போகும்.

கூடையை இறக்காமலே கேட்டாள்.

“எங்க பழத்த எப்ப வெட்டுவீங்க?”

விளம்பரக்காரன் கேமராத் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“சாறு வேற மாநிலத்துலேருந்து டேங்கர்ல வந்துடுதும்மா. உங்க ஊர்லேருந்து பேரு மட்டும் போதும்.”

புருஷன் தரையைப் பார்த்தான்.

ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. அந்தச் சொலவடைதான் அவளுக்கு நினைவு வந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. காலையிலிருந்து கெஞ்சியும் வராத சிரிப்பு, வயிற்றிலிருந்து வந்தது.

கேமரா சடசடத்தது. இதுதான், இதைத்தான் கேட்டோம், அப்படியே நில்லுங்கள் என்று அவன் துள்ளினான். இப்படிக் காறித் துப்புவதுபோல ஒரு சிரிப்பை வாழ்நாளில் அவள் சிரித்ததில்லை. அவனுக்கு அது மண்வாசனையாகத் தெரிந்தது.

கூடையை இறக்கினாள்.

புருஷனிடம் கேரள வியாபாரிக்குப் போன் போடச் சொன்னாள். அந்த ஆள் மழைக்கு முன்னால் வருவானா என்பது வேறு.

கத்தரியை எடுத்து நூல்களை நறுக்கினாள். கறுத்த குலைகள் பொத்துப் பொத்தென்று மண்ணில் விழுந்தன.

குனிந்து ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டு மென்றாள்.

துப்புவதற்கு ஒரு விதைகூட இல்லை.

துப்பினாள்.