ஒண்ணும் தோணல

எட்டாவது கட்டத்தில் டொக்டர் ‘இரண்டு’ என்று எழுதுவதைத் தர்ஷிகா பார்த்தாள்.

இருபது கட்டங்கள் உள்ள தாள் அது. ஒவ்வொன்றுக்கும் பூச்சியம், ஒன்று அல்லது இரண்டு. இரக்கம் உண்டா, குற்ற உணர்வு உண்டா, வாய் கூசாமல் பொய் சொல்வானா என்று ஒரு மனிதனைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்க்கும் தாள். முப்பதைத் தொட்டுவிட்டால் அவனுக்கு ஒரு பெயர் வைத்துவிடலாம். வைத்த பெயரை அழிப்பதற்குத்தான் தாள் கிடையாது.

தர்ஷிகா அந்த ஆஸ்பத்திரியின் மொழிபெயர்ப்பாளர். டொக்டருக்குத் தமிழ் தெரியாது. எதிரே இருந்தவனுக்குச் சிங்களம் சாமான் வாங்கும் அளவுக்குத்தான் வரும். காலையிலிருந்து இருவருக்கும் நடுவே அவள் நாக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அவன் பெயர் மதுரன். வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் செடிகளுக்கு மருந்தடிக்கிறவன். மூன்று வாரத்துக்கு முன், மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அவன் மனைவி சர்மிளாவைக் குளவிகள் மொய்த்துக்கொண்டன. பத்தடி தள்ளி இவன் நின்றான். ஓடவில்லை, கத்தவில்லை.

மற்றவர்கள் அவளைக் கம்பளியில் சுற்றி லொறிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இவன் குனிந்து அவளுடைய கொழுந்துச் சாக்கை எடுத்தான். நிறுக்கும் மடுவத்துக்குச் சுமந்துபோய், அவள் பெயரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தான்.

அவள் லொறியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

தொழிலாளர் குடியிருக்கும் லயம் முழுக்க அந்தச் சாக்கைப் பற்றித்தான் பேச்சு. பெண்டாட்டி சாகக் கிடக்கும்போது கொழுந்து நிறுக்கப் போனவன் மனிதனா? குளவிக் கூட்டுக்குக் கல்லெறிந்ததே இவன்தான் என்று சர்மிளாவின் அண்ணன் கஜேந்திரன் பொலிசில் முறையிட்டான். கண்ணால் கண்டவர் யாருமில்லை. ஆள் எப்படிப்பட்டவன் என்று டொக்டர் எழுதித் தரட்டும் என்றது நீதிமன்றம்.

லயம் அதுவரை காத்திருக்கவில்லை. சின்னப் பிள்ளைகள்கூட ‘சைக்கோ’ என்றார்கள். அவன் தண்ணீர் பிடிக்கப் பீலிக்கரைக்கு வந்தால் பெண்கள் பாதிக் குடத்தோடு எழுந்து போனார்கள்.

டொக்டர் கெட்டவர் அல்லர். பொறுமையாகத்தான் கேட்டார். அவள் விழுந்ததைப் பார்த்தபோது உனக்கு எப்படி இருந்தது?

“ஒண்ணும் தோணலங்க மிஸ்.”

தர்ஷிகா அதைச் சிங்களத்தில் சொன்னாள். அதற்குத்தான் இந்த இரண்டு.

மிச்சக் கட்டங்களும் நிரம்பின. டொக்டர் அவனை அனுப்பிவிட்டு அறிக்கையைத் தட்டச்சு செய்யத் தொடங்கினார். தர்ஷிகா ஒரு தேத்தண்ணி குடிக்கலாம் என்று வெளியே வந்தாள்.

மதுரன் வாசலிலேயே நின்றான். செருப்பைக் காலில் போடாமல் கையில் வைத்திருந்தான். இடது பக்கம் போனால் வார்டு, வலது பக்கம் போனால் ரோடு. அவன் இரண்டு பக்கமும் பார்த்தான், மறுபடி இரண்டு பக்கமும் பார்த்தான்.

என்ன நிற்கிறீர்கள், வீட்டுக்குப் போகவில்லையா என்று கேட்டாள்.

“ஒண்ணும் தோணல மிஸ். அன்னைக்கும் இப்பிடித்தான். அவ சாக்கு மட்டுந்தான் கண்ணுல பட்டுச்சு.”

தர்ஷிகா அந்தச் சொல்லை மனதுக்குள் மறுபடி சொல்லிப் பார்த்தாள்.

கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நிற்கிறவன் சொல்லும் சொல் அது. அவள் வீட்டில், பக்கத்து வீட்டில், ஊரில் எல்லோரும் சொல்லும் சொல். அதைத்தான் அவள் உள்ளே டொக்டரிடம், ‘எனக்குள் எந்த உணர்ச்சியும் வரவில்லை’ என்று சிங்களத்தில் எடுத்துக் கொடுத்திருந்தாள். யோசித்துச் சொன்னதுகூட இல்லை. வாய் தன் பாட்டில் சொல்லிவிட்டது.

தேத்தண்ணிக் கடைப் பக்கம் நான்கு எட்டு நடந்தாள். திரும்பினாள். மறுபடி நடந்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. போய்ச் சொன்னால், ஒரு சொல்லைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாதவளுக்கு எதற்குச் சம்பளம் என்று கேட்பார்கள். கேட்டால் என்ன பதில் சொல்வது?

உள்ளே தட்டச்சுச் சத்தம் நின்றது. கையெழுத்துப் போடப் போகிறார்.

கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அந்தச் சொல், அது இங்கே யார் எப்போது சொல்வது, வாசலில் செருப்போடு நிற்கிறவன், கண்ணில் பட்ட சாக்கு. பிழை தன்னுடையது என்று இரண்டு தரம் சொன்னாள்.

டொக்டர் தாளைத் திரும்ப எடுத்தார். எட்டாவது கட்டத்தில் இருந்த இரண்டை வெட்டினார். மேலே போய் இன்னொன்றையும் வெட்டினார். பிறகு முழுத் தாளையும் மடித்து ஓரமாக வைத்து, அவனை அடுத்த வாரம் திரும்ப வரச் சொல்லுங்கள், முதலிலிருந்து கேட்போம் என்றார்.

தர்ஷிகாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு லேசாக முடியும் என்று அவள் நினைக்கவேயில்லை.

கதவுக் கைப்பிடியில் கை வைத்தபோது டொக்டர் பின்னாலிருந்து, சாதாரணமாகத்தான், ஒன்று கேட்டார். நீங்கள் இங்கே எத்தனை வருடமாக மொழிபெயர்க்கிறீர்கள்?

ஆறு வருடம் என்றாள்.

இந்தச் சொல்லை வேறு யாராவது சொல்லியிருக்கிறார்களா?

கேட்டுவிட்டு அவர் அவளைப் பார்க்கவில்லை. சுவரோரம் இருந்த இரும்பு அலுமாரியைப் பார்த்தார். ஐந்து தட்டிலும் அவள் மொழிபெயர்த்துக் கொடுத்த பழைய பைல்கள் கதவு சாத்த முடியாமல் பிதுங்கிக்கொண்டிருந்தன.

வெளியே மதுரன் இன்னும் எந்தப் பக்கமும் போகாமல் நின்றான். டொக்டர் பதிலுக்காகக் காத்திருந்தார்.

தர்ஷிகாவுக்கு ஒன்றும் தோன்றவில்லை.