யார் எழுதிய வரி?

கம்ப்யூட்டரில் எந்த சவுண்ட் கார்டு இருக்கிறது என்று காட்டும் அடையாள எண்ணை, எல்லா கார்டுக்கும் பொதுவான இடத்தில் புரோகிராமின் ஒரு வரி எழுதி வைத்ததுதான் தப்பு. இரண்டாவது கார்டைப் பொருத்தியதும் முதல் கார்டின் எண் அழிந்து, வாடிக்கையாளரின் கம்ப்யூட்டர்கள் ஊமையாகிவிட்டன. புரோகிராம் எழுதிய தாம்பரம் ஆபீஸில் பழி குணாமேல் விழுந்து, அவன் வேலை போனது.

மூன்று நாள் தூக்கமில்லாமல் தவித்த, குணாவுடன் வேலை பார்த்த பிரசன்னா, மேனேஜர் அப்பாதுரை முன்னால் போய் நின்றான்.

"சார், அந்த வரியை எழுதினது நான்தான். பயந்து வாயை மூடிக்கிட்டேன்."

"தெரியும்ப்பா."

"எப்படி சார்?"

"தப்பு யாரோடதுன்னு மேலிடத்துல ஒரு பேர் கேட்டாங்க. 'பிரசன்னாவுக்கு அடுத்த மாசம் கல்யாணம் சார், என் பேரையே குடுங்க'ன்னு குணாதான் சொன்னான்."

குணா முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு, அவனுக்குக் கொடுக்கப் பெயர் எழுதி வைத்த கல்யாணப் பத்திரிகையை நேற்றுத்தான் பிரசன்னா கிழித்துப் போட்டிருந்தான்.