வெள்ளம் வடிஞ்சாச்சு, வா

"இனி எனக்க தங்கச்சிக்கு மெசேஜ் அனுப்புவியாலே?"

டெனிஷ் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வள்ளத்துத் துடுப்பு ஷாஜனின் விலாவில் இறங்கியது. ஆறு கடலில் சேரும் இராஜாக்கமங்கலம் பொழிக்கரைச் சேற்றில் அவன் மடிந்து விழுந்தான். மூக்குக் கண்ணாடி எங்கே போனதென்று தெரியவில்லை.

டெனிஷுடன் பிபினும் இன்னொருவனும் வந்திருந்தார்கள். மூன்று பேர் சேர்ந்து ஒருவனை அடிப்பதில் ஒரு சௌகரியம் உண்டு, யாருக்கும் கை வலிக்காது. முறை வைத்து அடித்தார்கள்.

"அண்ணே, நீங்க நெனைக்க மாதிரி ஒண்ணும் இல்ல," என்றான் ஷாஜன். ரத்தத்தோடு ஒரு பல்லும் வெளியே வந்தது. "காலேஜ்லயாக்கும் அவள எனக்க கூட போட்டாவ."

அது உண்மைதான். அந்தக் கல்லூரியில் விலங்கியல் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளை, ஆராய்ச்சி பழகிக்கொள்ளட்டும் என்று, ஆளுக்கொரு பிஎச்.டி. மாணவரிடம் ஒப்படைப்பார்கள். டெனிஷின் தங்கை பெமிலா வந்து சேர்ந்தது ஷாஜனிடம். ஒரு வருஷமாக இந்தப் பொழிக்கரையில் நண்டு பார்க்கிறாள். பார்த்ததையெல்லாம் எழுதி வாரா வாரம் நோட்டை அவனிடம் கொடுக்கிறாள்.

"விடியக்காலம் நாலரைக்கு 'வெள்ளம் வடிஞ்சாச்சு, வா'ன்னு மெசேஜ். இதுக்குப் பேரு படிப்பாலே?"

"கடலு உள்வாங்கிப் பொழி வெள்ளம் வடிஞ்சாத்தான் நண்டு வளைய விட்டு வெளிய வரும் அண்ணே."

பிபினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நண்டாம், வளையாம், காதில் பூச்சுற்ற ஆள் பார்க்கிறான்! சிரித்துக்கொண்டே இடுப்பில் ஓர் உதை விட்டான்.

"சந்தேகம்னா பெமிலாட்ட கேளுங்கோ! அவ பொய் சொல்ல மாட்டா. இப்பமே விளிச்சுக் கேளுங்கோ!"

"அவள்ட்ட என்னத்தலே கேக்க? நேத்து அந்திக்குச் சோறு தின்னல்ல. போன்ல உனக்க பேரையே பாத்துப் பாத்து அழுதா. எனக்க கண்ணால கண்டேன்."

ஷாஜனுக்கு விலா வலிகூட மறந்துபோயிற்று.

"எனக்க பேரையா?"

ஷாஜன் சேற்றைப் பார்த்தபடி, "வேண்டாம் அண்ணே. அவள விளிக்க வேண்டாம். என்னய அடிச்சது போதும், விட்டிருங்கோ," என்றான்.

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? டெனிஷ் துடுப்பை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினான். அடுத்த அடி மண்டையில்தான். இருபத்தெட்டு வயதில் இப்படிச் சேற்றில் கிடந்து சாகப் போகிறோம் என்று ஷாஜனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. பயத்தில் அவனுக்கு மூத்திரம் போய்விட்டது.

"அண்ணா! விடு அவர!"

அண்ணன் பைக்கை எடுத்துக்கொண்டு பறந்த வேகத்தைப் பார்த்துப் பின்னாலேயே வந்திருக்கிறாள் பெமிலா. ஸ்கூட்டியைக் கரையில் போட்டுவிட்டு, முழங்கால் சேற்றில் ஓடி வந்து அண்ணன் கையைப் பிடித்துத் தொங்கினாள்.

"உனக்கென்ன கிறுக்கா? சார் எனக்க மேல ஒரு விரலு வச்சதில்ல. தப்பா ஒரு வார்த்த பேசினதில்ல. பைபிள் மேல சத்தியம்!"

டெனிஷின் கையிலிருந்து துடுப்பு நழுவியது. பெமிலாவைப் பற்றி அவனுக்குத் தெரியும், அடி விழும் என்றாலும் உள்ளதைச் சொல்கிறவள். வெட்கத்தில் அவன் முகம் சுண்டிப்போயிற்று.

"தெரியாம செய்துட்டேன் மக்கா," என்று ஷாஜனைத் தூக்கி நிறுத்தித் தன் சட்டையைக் கழற்றி வாய் ரத்தத்தைத் துடைத்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக பிபின் பைக்கைத் திருப்பினான். உதைத்த கால் இப்போது அவனுக்கே பாரமாக இருந்தது.

உயிர் பிழைத்தது. ஷாஜன் அழுதுகொண்டே பெமிலாவைப் பார்த்துக் கும்பிட்டான். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை.

"பின்ன எதுக்கு ஏட்டி நேத்து அந்த அழுகை?" என்றான் டெனிஷ்.

பெமிலா போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் நேற்று வந்த ஆராய்ச்சிக் கட்டுரை. இதுவரை யாரும் கண்டிராத, நகம் அளவே உள்ள ஒரு நண்டின் படம். தலைப்புக்குக் கீழே கண்டுபிடித்தவர் பெயர் ஒன்றே ஒன்று, ஷாஜன்.

"இந்த நண்டக் கண்டது நான். படம் எடுத்தது நான். ஒரு வருசம் இந்தச் சகதியில கெடந்தது நான். அத்தனையும் எழுதி நம்பிக் குடுத்தேன். எனக்க பேரு ஒரு மூலையில கூட இல்ல அண்ணா."

ஷாஜன் பின்னால் நகரப் பார்த்தான். பின்னால் பொழித் தண்ணீர்தான் இருந்தது.

பெமிலா குனிந்து துடுப்பை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தாள்.

"இப்பம் அடி."