ஒரே வாரில் இரண்டு நாய்கள்

துரை பங்களாவில் ரோஜர், செவலை என்று இரண்டு வேட்டை நாய்கள் இருந்தன. இரண்டின் கழுத்தையும் ஒரே தோல்வார் பிணைத்திருந்தது. ரோஜர் நிழலுக்கு இழுத்தால் செவலை தண்ணீர்த் தொட்டிக்கு இழுக்கும்.

ஒருநாள் கூண்டுக்கிளி சொன்னது: “துரை இந்த வாரை ‘கப்பிள்’ என்கிறார். இதில் கட்டிய ரெண்டு நாய்க்கும் அதே பேர்தான். இங்கிலீஷில் புருஷன் பெண்டாட்டிக்கும் அதே பேர்தான்.”

“ஐயையோ, இவனுக்கும் எனக்கும் கல்யாணமா?” என்று பதறியது செவலை.

“எனக்கு மட்டும் ஆசையாக்கும்!” என்றது ரோஜர்.

அன்றுதான் முதல்முறையாக இரண்டும் ஒற்றுமையாக உட்கார்ந்து, வாரை நடுவில் கடித்து அறுத்தன. அறுந்ததும் ரோஜர் ஆற்றுப் பக்கம் ஓடியது. செவலை மலைப் பக்கம் ஓடியது.

ஆற்றங்கரையில் ரோஜர் ஒரு முயல் வளையைக் கண்டது. “இழுக்காதே, இரு!” என்று அதட்டியபடி திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் யாரும் இல்லை. அதற்குமேல் முயல் பிடிக்க மனம் வரவில்லை.

சாயங்காலம் அது பங்களாவுக்குத் திரும்பியபோது வாசலில் செவலை படுத்திருந்தது.

“நீ ஏன் வந்தே?”

“மலையில் ஒரே வெயில். நீ?”

“வழி தவறிட்டேன்.”

“சரி சரி, மேலே இடிக்காமல் படு” என்று முணுமுணுத்தபடியே செவலை நகர்ந்து இடம் விட்டது.