புதிய பேட்டரி

நிறைமதியின் மூளை நேற்றே செத்துவிட்டது. பழுதான இதயத்துக்குப் பதிலாக வைத்த பம்ப் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றால்தான் தூக்குவார்கள். பம்பை அணைத்த பாவம் தங்களுக்கு வேண்டாம் என்று, இப்படிப்பட்ட எல்லா வீடுகளிலும் பேட்டரி தானாகத் தீரும்வரை காத்திருப்பதுதான் வழக்கம்.

தோஹாவிலிருந்து வந்து சேர்ந்த அவள் தம்பி, அக்காவின் கையைப் பிடித்துக் கதறினான்.

"அத்தான், கை சுடுதே! அக்கா தூங்குற மாதிரில்லா இருக்கா!"

அவள் கணவன் இளவழகனுக்கு அழுகை வரவில்லை.

அவள் இடுப்பு பெல்ட்டிலிருந்த பேட்டரிப் பெட்டி கீச்சிட்டது. சார்ஜ் தீரப்போகிறது. கூடத்திலிருந்தவர்கள் நெருங்கி வந்தார்கள்.

இளவழகன் எழுந்தான். அலமாரியிலிருந்த பேட்டரியை எடுத்து வந்து, தினமும் செய்வதுபோல் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினான். பெல்ட்டைச் சரிசெய்தான்.

"இறுக்கமா இருக்கா?" என்று மனைவியிடம் கேட்டான்.

எல்லோரும் அவனையே பார்த்தார்கள். அப்போதுதான் அவனுக்குத் தான் செய்தது தெரிந்தது.

மாமியார் மெல்ல அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இது நாளைக்கு வரைக்கும் ஓடும் மாப்ள. பிள்ளைய இப்படியே போட்டு வைக்க வேண்டாம். நீங்களே கழட்டிருங்க. உங்க கைன்னா அவ ஒண்ணும் நினைக்க மாட்டா."

இளவழகன் பெட்டியின் மேல் கையை வைத்தான். அது வெதுவெதுப்பாக இருந்தது. அப்போதுதான் அவன் அழுதான்.